கொடி விழும்வரை பால் இல்லை

எங்கள் பக்கத்தில் மாடு ஈன்றால், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைக் காம்பில் வாய் வைக்க விடமாட்டோம். விட்டால் கொடி விழாதாம். ஊரே அப்படித்தான், நான் அதில் ஒரு படி மேல். என் சிந்து மாட்டின் முந்தைய இரண்டு ஈற்றிலும் கன்றுகள் வெள்ளைக் கழிச்சலில் மூன்றாம் நாளே போய்விட்டன. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கண் பட்டுவிட்டது என்று எதிர்வீட்டு மயிலம்மாளோடு பேச்சை நிறுத்தியதுதான் நான் செய்த வைத்தியம்.

எண்பத்து மூன்றில் மூன்றாவது ஈற்று. விடிகாலையில் கிடேரிக் கன்று பிறந்தது. ஒன்பது மணியாகியும் கொடி விழவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்றைத் தள்ளிக் கட்டினேன்.

"டாக்டரைக் கேட்டுட்டு வாரேன். அதுக்குள்ள கன்னைப் பாலுக்கு உட்டே, அப்பறம் தெரியும் சேதி" என்று மனைவி கண்ணாத்தாளிடம் விரலை ஆட்டிவிட்டு மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்னைப் பாதியிலேயே நிறுத்தினார். "கொடி இருக்கட்டும். கன்னு சீம்பால் குடிச்சுதா?"

"கொடி உழுகாம எப்படிங்க சார்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கழிச்சல் கிருமி கக்குற நஞ்சு பிஞ்சுக் குடலை அரிச்சுடும். அதைத் தடுக்கிற புரதம் சீம்பால்லதான் இருக்கு. பொறந்த உடனே குடுக்கணும். நேரம் ஆக ஆகக் குடல் அதை ஏத்துக்காது. கன்னு சப்பினா கொடியும் சீக்கிரம் விழும். இங்க ஏன் நிக்கறீங்க? ஓடுங்க!"

ஓடினேன். பஸ்ஸோ நகர்வேனா என்றது. ஊருக்கு ஊர் நின்று மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றினார்கள். கண்டக்டரிடம் கத்தினேன். "பெரிய கலெக்டரு!" என்றான். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு கன்றுகளையும் கிணற்றோரம் நானே குழிவெட்டிப் புதைத்தது நினைவுக்கு வந்தது. மூன்றாவதும் என் கையாலேயே போகப்போகிறதா? மூட்டைக்காக இன்னொரு முறை நின்றபோது குதித்து இறங்கிவிட்டேன். மீதி ஒன்றரை மைல் வெயிலில் ஓட்டம்.

கண்ணாத்தாள் தொழுவத்து வாசலில் நின்றிருந்தாள்.

"கன்னு குடிச்சுதா?" மூச்சு வாங்கக் கேட்டேன்.

அவள் இரண்டடி பின்னால் போனாள். "இல்லீங்க. நீங்க சொன்னாப்டியே, ஒரு சொட்டுக்கூட உடலீங்க."

அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். "போச்சு புள்ளே. பொறந்ததும் குடுத்திருக்கோணுமாம். அந்த ரெண்டையும் நாந்தான் கொன்னிருக்கறேன்."

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க பஸ் ஏறுனதுமே அவுத்து உட்டுட்டேனுங்க. வயிறு முட்டக் குடிச்சுது. கொடியும் உழுந்திருச்சுங்க."

எட்டிப் பார்த்தேன். கன்று வைக்கோலில் நிம்மதியாகப் படுத்திருந்தது. வாயோரம் மஞ்சளாகச் சீம்பால் காய்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"ஏம்புள்ளே, உனக்கு முன்னயே தெரியுமா?"

"பசியில கத்துறதைப் பார்த்தா தெரியாதுங்களா?"

"அப்பறம் போன வாட்டி ஏன் உடலே?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வாட்டி நீங்க எங்கயும் போகலீங்களே."