பழகாத பிறேக்

புது பிறேக் பேட் போட்டால் வண்டியை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. கடற்கரை வீதியில் முதலில் நானே ஓட்டுவேன். வேகம் எடுப்பது, மெல்லப் பிடிப்பது, விடுவது, மறுபடி எடுப்பது. பதினைந்து தடவையாவது அப்படித் தேய்ந்தால்தான் பேட் டிஸ்க்கோடு பழகும். அதுவரை பாதிப் பிடிதான். சாய்ந்தமருதில் கராஜ் திறந்த நாளிலிருந்து இதில் நான் பிசகியதே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை பிசகினேன்.

முத்தலிப் காக்கா பதினொரு மணிக்கு வந்தார். மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைப் பொதிகட்டி, பைக்கில் ஊரூராகக் கொண்டுபோய் விற்கிறவர்.

"மிஹ்லார், கெதியாப் போட்டுத் தா மனே. சம்மாந்துறைக்கு மகள்ட ஊட்ட போறன். ஜும்ஆத் தொழுகையும் அங்கதான்."

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் பேட்டை மாற்றினேன். கையோடு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தரும் பூசிவிட்டேன். ஓட்டம் மட்டும் பாக்கி. வெயிலோ கொளுத்துகிறது. ஓட்டப் போனால் சட்டை நனைந்துவிடும், பள்ளிவாசலில் முதல் சஃப்பில், இமாமுக்குப் பின்னால் முன்வரிசையில், இடமும் போய்விடும். இவ்வளவுதான் என் கவலை. பெரிய தொழுகையாளி நான்!

சாவியை நீட்டினேன். "மெதுவாப் போங்க காக்கா, பிறேக் இன்னும் பழகல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் விழுங்கினேன். சொன்னால், "அப்ப ஓட்டிப் பார்த்துத் தா" என்பாரே.

சம்மாந்துறை வீதியில், வயலுக்குள்ளிருந்து ஓர் உழவு மெஷின் குறுக்கே ஏறியிருக்கிறது. காக்கா பிறேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. கால் முறிந்தது. ஊரே அந்த மெஷின்காரனைத் திட்டியது. நானும் கூட நின்று தலையாட்டினேன்.

மூன்று கிழமை கழித்து, தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் இருந்தார்.

"பைக்க வித்துப்போடு மனே," என்றார். "என்ட கை பிந்திட்டு. பிடிக்க வேண்டிய நேரம் பிடிக்கல்ல. இனி நான் ரோட்டுக்குச் சரிவர மாட்டன்."

"எந்த நேரமும் இதே கதைதான்," என்றார் அவருடைய மனைவி றுகையா றாத்தா. "யாவாரத்தையும் உடப்போறாராம்."

காக்கா வலது கையை விரித்தார், மூடினார், மறுபடி விரித்துப் பார்த்தார். அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை. வாயைத் திறக்காவிட்டால் அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். தோடம்பழப் பையைக் கீழே வைத்தேன்.

"காக்கா, உங்கட கையில பிழை இல்ல. பிழை என்னில. ஓட்டிப் பார்க்காமத் தந்துட்டன். சட்டை வேர்த்துரும் எண்டு."

றாத்தா தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றார். ஏசுவார்கள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப என்ட கை நல்லாத்தான் இருக்கு," என்றார் காக்கா, கையைப் பார்த்தபடியே. "பைக்க விக்காத."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு உனக்கு முதல் சஃப் கிடைச்சா?"

"ஓம் காக்கா."

"எனக்கு ஜும்ஆவே கிடைக்கல்ல மனே."