பதினான்காம் நாளும் நாற்பத்து நான்காம் நாளும்

அறுபத்தாறு மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, சம்பூர்ணம் டீச்சர் இரண்டு நோட்டுகளை மேசைமேல் அருகருகே விரித்து வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றது ரமாமணியுடையது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் தலைமையாசிரியையின் அறைக்கு வர வேண்டும் என்றார்.

எங்கள் வகுப்பில் ஏழு பெண்கள். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சரித்திரம், பூகோளம் ஐந்துக்கும் நோட்டு மதிப்பெண் உண்டு. அதைப் பரீட்சை மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்த்துத்தான் கல்லூரியில் இடம் கொடுப்பார்கள். ஒரு நோட்டில் காப்பி அடித்தது தெரிந்தாலும் ஐந்துக்கும் பூஜ்யம் என்பது எங்கள் பள்ளியின் விதி.

பூகோளத்துக்கு டீச்சர் கொடுத்திருந்த வேலை இது. மூன்றடிக் கோல் ஒன்றை வெட்டவெளியில் நட வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு அதன் நிழலை அளந்து எழுத வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு நாள்.

"சூரியன் லீவு எடுக்காது. நீங்களும் எடுக்கக் கூடாது. எங்கிட்ட சாக்கு சொல்றவ வெளியில நிக்கலாம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் அப்பாவிடம் கோல் கேட்டேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது முட்டுக் கொடுக்கும் மூங்கில் கோல்களில் ஒன்றை எடுத்து, மூன்றடி வெளியே தெரியும்படி கொல்லையில் குழி வெட்டிக் கொடுத்தார். தினமும் காலையில் கோலை அதில் நட்டு அளந்துவிட்டு, பாவு வேலைக்குத் திருப்பித் தருவேன். எதிர்வீட்டுக் கடிகாரம் எட்டு அடிக்கும்போது அளப்பேன். முதல் நாள் நிழல் எட்டரை அடி. கடைசி நாள் ஐந்தரை அடி. நாளுக்கு அரை அங்குலம் போலக் குறைந்துகொண்டு வந்தது. அந்தக் குறைவைப் பார்ப்பதற்காகவே விடியுமுன் விழித்துவிடுவேன்.

பதினான்காம் நாளும் நாற்பத்து நான்காம் நாளும் நான் அளக்கவில்லை. அன்று சூரியன் இருந்தது, கோல் இல்லை. முந்தைய நாளையும் அடுத்த நாளையும் கூட்டிப் பாதியாக்கி எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அளக்காததை அளந்ததாக எழுதக் கை வரவில்லை. காரணத்தை எழுதவும் கூச்சமாக இருந்தது. இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன்.

ரமாமணி சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஜட்கா வண்டியில் வருகிறவள். பேச்சில் கெட்டிக்காரி. என்னிடம் அன்பாகவும் இருப்பாள். கடைசி வாரம், "கமலவேணி, ஒன் பூகோள நோட்டைக் குடுடி. கிராஃப் எப்படிப் போட்டிருக்கேன்னு பாத்துட்டு நாளைக்கே தந்துடறேன்" என்று வாங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்துத் தந்தாள்.

ஒரே ஊரில் ஒரே நேரத்து நிழல். எண்கள் ஏழு நோட்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அதில் டீச்சருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு நாட்களும் மற்ற ஐந்து பேரிடமும் இருந்தன. எங்கள் இருவரிடம் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் காரணம் கேட்டதும் ரமாமணி உடனே சொன்னாள்.

"பதினாலாம் நாள் நேக்கு ஜுரம், டீச்சர். நாப்பத்துநாலாம் நாள் அத்தங்கா கல்யாணம்."

"நீ?" என்று என்னைப் பார்த்தார் டீச்சர்.

நான் தரையைப் பார்த்தேன். அவள் நோட்டு மசியில், முத்து முத்தாக இருந்தது. என்னுடையது பென்சிலில், மண் கறையோடு இருந்தது. இரண்டில் எது காப்பி என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

வீட்டில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது, சோத்த எண்ணிக்கினு குந்தியிருக்கிற?"

சொன்னேன். தறியில் நெய்துகொண்டிருந்த அப்பா, ஓடும் நாடாவை நிறுத்தினார்.

"காலியா உட்டதுக்குக் காரணம் இருக்குதில்ல?"

"இருக்குது."

"பொய்யா?"

"இல்லப்பா."

"அப்புறம் இன்னாம்மா? எட்டடி நெழல அளந்த பொண்ணு, எட்டு வார்த்த பேச மாட்டியா?"

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லுதான் தெரியும்" என்றாள் அம்மா.

அன்றிரவு நான் வேறொன்று செய்தேன். பதினான்குக்கும் நாற்பத்து நான்குக்கும் இடையே முப்பது நாள். காலண்டரை வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கிலிருந்து மேலே எண்ணினேன்; இந்தத் தடவை இருபத்தொன்பதில் வந்து நின்றது.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமையாசிரியையின் எதிரில் நின்றோம். அவர் சென்னையிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. ரமாமணி ஜுரத்தையும் கல்யாணத்தையும் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கல்யாணத்தில் நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது.

"கமலவேணி, உன் ஐந்து நோட்டுகளையும் நான் பார்த்தேன். கணக்கில் நீதான் முதல். இதில் மட்டும் ஏன் வாயே திறக்க மாட்டேன் என்கிறாய்?"

நான் ஓர் அடி முன்னால் வந்தேன். 

"அம்மா, நாங்க நோட்ட முடிச்சது அறுபத்திரண்டாம் நாள். இன்னும் பதினோரு நாள் அளந்திருந்தா, என் நோட்டுல இன்னொரு கட்டம் காலியா இருந்திருக்கும்."

"எந்த நாள்?"

"எழுபத்து மூணாம் நாள். அது வர்ற திங்கட்கிழமை."

சம்பூர்ணம் டீச்சர் நிமிர்ந்தார். "இன்னும் வராத நாளு. அன்னிக்கு அளக்க மாட்டேன்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"தெரியும் டீச்சர். அதுக்கப்புறம் எந்த நாள்னும் சொல்ல முடியும்."

டீச்சர் ரமாமணி பக்கம் திரும்பினார். "உனக்கும் அந்த ரெண்டு நாள்தானே விட்டுப்போச்சு? வர்ற திங்கட்கிழமை உனக்கு ஜுரமா, கல்யாணமா?"

ரமாமணி மேசைமேலிருந்த தன் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினாள்.  அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் சுவரைக் காட்டினேன். "காலண்டர்ல பாருங்கம்மா. அந்த ரெண்டு நாளும் கிழிச்சாச்சு. வர்ற திங்கட்கிழமைத் தாள் இருக்குது."

தலைமையாசிரியை எழுந்து போய் ஒவ்வொரு தாளாகத் தூக்கினார். பின்னாளில் சென்னையில் கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில், தராசு முள் நிற்பதற்காக எத்தனையோ முறை காத்திருந்தேன். இந்த ஏழு தாள்களுக்குக் காத்திருந்ததுபோல் எதற்கும் காத்திருந்ததில்லை.

திங்கட்கிழமைத் தாளில் அவர் விரல் நின்றது. படித்தார். பிறகு பஞ்சாங்கம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, பழைய இரண்டு தேதிகளையும் தேடினார். டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். டீச்சர் என் பென்சில் நோட்டைத் தம் பக்கமாக இழுத்து, இரண்டு வெற்றுக் கட்டங்களையும் விரலால் தொட்டார்.

"நீ எந்தத் தெரு?" என்றார் டீச்சர்.

சொன்னேன்.

"அது நெசவுக்காரங்க தெருவாச்சே. அந்தக் கோல் யாரோடது?"

"எங்கப்பா பாவு நீட்டற கோல்."

டீச்சர் சிரித்தார். அது நான் பயந்திருந்த சிரிப்பு அல்ல.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. ஆனா ரமாமணிக்கு இன்னும் புரியல. நீயே சொல்லு. சத்தமா சொல்லு."

எட்டு வார்த்தை. நான் தலையை நிமிர்த்தினேன்.

"மூணும் அமாவாசை, டீச்சர். அன்னிக்கு எங்க வீட்ல தறிச்சாமான் தொடமாட்டோம்."