மட்டம்

அருணாதேவி செருப்பின் நுனியால் சாலையை லேசாக அழுத்திப் பார்த்தாள். கல்லாக இறுகியிருக்க வேண்டிய பரப்பு, நனைந்த பொரிமாவு போல உதிர்ந்து கொடுத்தது. குனிந்து ஒரு கை அள்ளினாள். தார் பிடிக்காத ஜல்லி விரலிடுக்கில் வழிந்து விழுந்தது. பக்கத்தில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் குமரேசன் நின்றான். சாலையோரத்துப் பாஞ்சாலையின் வீட்டில் தொடங்கி அடுத்த வளைவு வரைக்கும் சாலை இப்படித்தான் கிடந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது.

அவள் நெடுஞ்சாலைத்துறையில் உதவிப் பொறியாளர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பிரிந்து போகிற இந்தச் சாலை அவள் பொறுப்பில் இருந்தது. சாலை கெட்டுப்போகும் ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதிதாக ஒரு அடுக்கு போட்டுப் போட்டு, ஊர் பார்க்கப் பார்க்கச் சாலை உயர்ந்துவிட்டது. வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பாஞ்சாலை வீடு கட்டிய காலத்தில் சாலையிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போனார்களாம். இப்போது மூன்று படி இறங்க வேண்டும். உள்ளே கட்டிலில் அவள் புருஷன் வேடியப்பன் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்திருக்கிறார். அவர் படுத்த இடத்திலிருந்து வாசல் வழியாகப் பார்த்தால் போகிற வண்டிகளின் சக்கரம் மட்டும்தான் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் படி இறங்கி நேராக அவர் கட்டிலுக்கு வரும். பாஞ்சாலை கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவாள்.

இந்த முறை சாலையின் மேல் சாலை போடவில்லை. பெரிய இயந்திரம் ஒன்று வந்தது. பழைய தார்ப்பரப்பை இருந்த இடத்திலேயே சுரண்டி அரைத்து, அடுப்பும் நெருப்பும் இல்லாமல், தண்ணீரில் கரைத்த தார்க்குழம்பையும் கொஞ்சம் சிமெண்டையும் சேர்த்துப் பிசைந்து, பின்பக்கமாக அங்கேயே பரப்பிக்கொண்டே போகும். அதே கல், அதே இடம். பின்னால் ரோலர் ஓடி இறுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மெல்லிசாக ஒரு பூச்சு. அவ்வளவுதான். ஆனால் அந்த இயந்திரம் வந்த அன்றைக்குப் பாஞ்சாலை அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இன்னும் எத்தினிதான் ஏத்துவீங்க? எங்கள உள்ள வெச்சிப் பொதைச்சிட்டுப் போங்களேன்" என்றாள்.

"ஏத்தலக்கா" என்றாள் அருணாதேவி. "அரைச்சி அதையேதான் போடறோம். மட்டம் ஏறாது. தண்ணி எதிர்ப்பக்கம் கால்வாய்க்குப் போற மாதிரி சாய்வும் குடுக்கறோம்."

"யாரு, நீ சொல்றியா, இல்ல ஆபீசு சொல்லுதா?"

"நான் சொல்றேன்."

பாஞ்சாலை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள்.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் கடைசித் துண்டு போட்ட மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் மலையடி ஊருக்குள் வண்டி நுழைய இடமில்லை. பேருந்துகளை இந்தச் சாலையில் திருப்பிவிடச் சொல்லி மேலதிகாரி சக்கரபாணி போனில் கூப்பிட்டார். "சார், உள்ள இன்னும் ஈரம் இருக்குது. கனமான வண்டி ஏறுனா தாங்காது" என்றாள். "கிரிவலத்துக்கு வந்த ஜனம் எங்கம்மா போவும்?" என்றார் அவர். அவள் தடுப்பை எடுக்கச் சொன்னாள். பகலெல்லாம் பேருந்துகள் ஓடின. சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது.

அதன் பலனைத்தான் இப்போது கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போனில் விவரம் சொன்னதும் சக்கரபாணி பெருமூச்சு விட்டார். ஓய்வு பெறப்போகிற மனிதர். அவருக்கும் மேலே யாரோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

"மேல மூணு இன்ச் சுடு தார்க்கலவைய அடிச்சி மூடிடும்மா."

"மட்டம் ஏறிடும் சார். சாய்வும் போயிடும். கீழ வீடுங்க இருக்குது."

"எந்த ரோட்லதான் வீடு இல்ல? மெஷின் வேற வேலைக்குப் போயிடுச்சி. திரும்ப வராது. மூடிட்டு வா."

சரி என்றுதான் சொன்னாள். கலவை ஏற்றிய டிப்பர் கிளம்பிவிட்டதாகக் குமரேசன் சொன்னபோதும் தலையாட்டினாள். ஆனால் லாரி வந்து நிற்பதைப் பார்த்துப் பாஞ்சாலை வீட்டில் தாங்களாகத் தெரிந்துகொள்வது சரியாகப் படவில்லை. மூன்று படி இறங்கிப் போனாள். பாஞ்சாலை தரையில் உட்கார்ந்து மல்லாட்டைத் தோலை உடைத்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து வேடியப்பன் கண்ணை மட்டும் திருப்பினார்.

"அக்கா, ரோடு கெட்டுப்போச்சி. மேல மூணு இன்ச் போடச் சொல்லிட்டாங்க."

பாஞ்சாலை கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். அவள் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நாலு செங்கல் இருந்தது. கட்டிலின் ஒவ்வொரு காலருகிலும் ஒன்றாக வைத்தாள்.

"மூணு இன்ச்சுன்னா காலுக்கு ஒரு கல்லு போதுமா?" என்று கேட்டாள். கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அருணாதேவி படியேறி வந்தாள்.

"குமரேசன், ஜேசிபி எங்க நிக்குது?"

"வளைவாண்ட நிக்குது மேடம். எதுக்கு?"

"கெட்டுப்போனத முழுசா வாரி எடுத்துடுங்க. அந்தப் பள்ளத்துலயே கலவையக் கொட்டி இறுக்குங்க. முன்னாடி இருந்த மட்டத்துக்கு மேல ஒரு விரல் ஏறக்கூடாது. டிப்பர் வந்தா தார்ப்பாய் போட்டு மூடி வைங்க, சூடு போயிடும்."

"சார் ஒத்துக்கினாரா?"

"நான் சொல்லிக்கறேன்."

போனில் கேட்ட சக்கரபாணி கோபப்படவில்லை. "தோண்டி வெச்சிட்டு மழ வந்துச்சின்னா கொளமாயிடும். அப்ப நீதாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன் சார்."

"உனக்கு எதுக்கும்மா இந்த வேல" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அன்றைய பகல் நகரவே இல்லை. பேருந்துகள் வளைவிலேயே நிற்க, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வெயிலில் நடந்தார்கள். "போட்ட ரோட்டயே தோண்டறீங்களே, உங்களுக்கு வேற பொழப்பே இல்லியா?" என்று பைக்கில் வந்த ஒருவன் அவளைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் பள்ளத்தில் இறங்கி ஏறி விளையாடினார்கள். அவர்களை விரட்டவே ஒரு ஆள் தேவைப்பட்டது. அவள் மட்டம் பார்க்கிற நூலைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து நிமிர்ந்தாள். தான் செய்வது சரிதானா என்று நடுவில் ஒருமுறை யோசித்தாள். யோசிக்கிற தெம்பும் அதற்கு மேல் இல்லை.

ஜேசிபி வாரி முடித்து, கலவை கொட்டி, ரோலர் ஏறும்போது மலையுச்சி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. காற்று ஈரமாக அடித்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று குமரேசன் தொண்டை கட்டக் கத்தினான். ரோலர் கடைசித் தடவை போய்த் திரும்பியபோது முதல் தூறல் விழுந்தது. ஆட்கள் டிப்பருக்கடியில் ஓடி ஒதுங்கினார்கள்.

பாஞ்சாலை தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு படியேறி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"ஏறலதான?"

"அளந்து பாத்துட்டேன்கா. ஏறல."

"உன் நூலு சொன்னா ஆச்சா. தண்ணி சொல்லட்டும்."

சாக்கின் ஒரு ஓரத்தை அருணாதேவியின் தலைக்கும் சேர்த்து இழுத்துப் பிடித்தாள். மழை வலுத்தது. சூடு ஆறாத கறுப்பு ரோட்டின் மேல் விழுந்த நீர் ஆவியாகக் கிளம்பியது, எதிர்ப்பக்கமே தெரியவில்லை. ஆவி கொஞ்சம் விலகியபோது, நடு ரோட்டில் விரலளவு அகலத்தில் தண்ணீர் ஒன்றுகூடி இறங்கி வருவது தெரிந்தது. வளைந்து வளைந்து வந்து, வாசலுக்கு நேராக, படிக்கா கால்வாய்க்கா, எந்தப் பக்கம் போவதென்று தெரியாதது போல ஒரு கணம் தேங்கி நடுங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.