ஒரு குடும்பத்துக்கு இரண்டு

நீல உடையை அலமாரியிலிருந்து எடுத்தபோது மார்லாவின் விரலில் ஊசி குத்தியது. உடையின் கழுத்தில் ஒரு பழைய மின்கட்டண உறையை அம்மா குத்தி வைத்திருந்தாள். எந்த உடையைத் தேடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மா லோரெய்ன் அன்று விடிகாலை பக்கத்து அறையில் இறந்திருந்தாள். எட்டு மாத நோய். அடக்க நிலையத்தார் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். பத்து மணிக்குள் உடையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

உறையின் முதுகில் பென்சில் எழுத்து.

அடக்கம் முடிந்து சாப்பாடு. எண்பது பேர். உருளைக்கிழங்கு கீழே இருக்கிறது. பீன்ஸ் டப்பா அலமாரியில் மூன்றாவது தட்டில். காபி சர்ச்சில் கொடுப்பார்கள், வாங்காதே. ஹாம் நான்கு. வெர்னன் 2. மார்லா 2, வேறு குடும்பம்.

கடைசி இரண்டு சொற்களை மார்லா மறுபடி படித்தாள். உறைக்குள் ஹாம் என்கிற பன்றித்தொடை இறைச்சிக்கான தள்ளுபடிக் கூப்பன்கள் இருந்தன. ஓரம் பிசிறில்லாமல் வெட்டியிருந்தது.

சமையலறையில் அப்பா வெர்னனும் தம்பி டுவைட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னன் கூப்பனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"நாளையோட முடியுது."

"தேதி பாத்துத்தான் கெளம்பிருக்கா, பாத்தியாக்கா?" என்றான் டுவைட். "இன்னும் ரெண்டு நாள் இழுத்திருந்தா முழு வெல குடுத்திருக்கணும்." சிரித்தான். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

"ஓட்டல்ல சொல்லிடறேம்பா," என்றாள் மார்லா. "நான் குடுத்துக்கறேன்."

"எதுக்கு?"

"ஊரே வரும். சாவுச் சாப்பாடும் கூப்பன்ல தானான்னு பேசுவாங்க."

"பேசட்டும். அவளப் பத்தித்தான பேசுவாங்க."

மார்லா உறையை அவர் பக்கம் நகர்த்தினாள். "வேற குடும்பம்னு எழுதிருக்கா."

"யார?"

"என்னத்தான்."

வெர்னன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "அவ எதையாவது எழுதுவா," என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய வருடத்தில் தொடங்கியது இந்தக் கூப்பன் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் வந்ததும் அம்மா கத்தரிக்கோலோடு உட்காருவாள். எது மலிவோ அதுதான் அந்த வாரச் சாப்பாடு. ஆளுக்கு ஒன்றுதான் என்று கடை சொன்னால், வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு கூப்பனும் சில்லறையும் கொடுப்பாள். "உள்ள போனதும் நான் உங்கம்மா இல்ல. என்னத் தெரியாது. சரியா?" மூன்று பேரும் மூன்று வரிசையில் நிற்பார்கள். டுவைட்டுக்கு அது விளையாட்டு. அம்மாவைப் பார்த்து, "இந்தப் பாட்டிலுக்கு என்ன வெல மேடம்?" என்று கேட்பான்.

மார்லாவுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் அவளுக்குப் பின்னால் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். பக்கத்து வரிசையிலிருந்து அம்மா, விதியை மறந்து, "மார்லா, வெண்ணெ எடுத்தியா?" என்றாள். மார்லா திரும்பவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். "உன்னையா?" என்றாள் ஒருத்தி. "யாரோ தெரியல," என்றாள் மார்லா. அம்மா அதற்குமேல் கூப்பிடவில்லை. வீடு வரும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. அதன் பிறகு ஒருபோதும் பேசவில்லை. மார்லா கொலம்பஸ் நகரத்துக்குப் படிக்கப் போனாள். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு வருவாள்.

உடையைக் கொடுத்துவிட்டு மூவரும் கடைக்குப் போனார்கள். முன்பே பேசிவைக்கவில்லை. ஆனாலும் பணம் கட்டும் இடத்தில் மூவரும் மூன்று வரிசைகளில் போய் நின்றார்கள்.

மார்லாவின் வரிசையில் கல்லாவில் இருந்தவள் நோரீன். அம்மாவோடு சர்ச்சில் பாடுகிறவள். விடிந்ததுமே அவளுக்குச் செய்தி போயிருந்தது. கையை நீட்டி மார்லாவின் மணிக்கட்டை ஒருமுறை இறுக்கிப் பிடித்து விட்டாள். பிறகு அடுத்த வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டுவைட்! அந்த ஹாமக் கொண்டுபோய் எடுத்த எடத்துல வையி."

"நான் தனி ஆளு!"

"பொண்டாட்டி தொரத்தினதுல இருந்து உங்கப்பா வீட்டுக் கீழ்த்தளத்துலதான கெடக்க. ஒரு முகவரிக்கு ரெண்டு. அத உங்கப்பா எடுத்தாச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டுவைட் ஹாம்களைக் குழந்தைகள் மாதிரி இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

"இப்பல்லாம் மிஷினே கண்டுபிடிச்சிடும்," என்றாள் நோரீன். "உங்க தனித்தனி வரிச நாடகமெல்லாம் செல்லாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உங்கம்மாவுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? முப்பது வருஷமாத் தெரியும்." நோரீன் கூப்பனை எடுத்தாள். "முகவரி சொல்லு. உன்னோடது."

 மார்லா உறையைக் கல்லா மேடைமேல் வைத்து அந்த வரியைக் காட்டினாள். நோரீன் குனிந்து படித்தாள்.

"ஓ, எழுதியே வச்சிட்டாளா. போன மாசம் உங்கம்மா வந்திருந்தா. சாமான் தள்ளுற வண்டியப் புடிச்சிக்கிட்டுத்தான் நடந்தா. மார்லா கொலம்பஸ்ல இருக்காளே, அவளுக்கும் ரெண்டு குடுப்பியான்னு கேட்டா. குடுப்பேன், அவ வேற குடும்பம்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"கூப்பனத் திருப்பித் திருப்பிப் பாத்தா. 'அது மிஷினுக்குத்தான?'ன்னா. ஆமா, மிஷினுக்குத்தான்னேன். அப்புறந்தான் பென்சில எடுத்தா."

பின்னால் நின்றவர் தன் சாமான்களை நகரும் பட்டைமேல் அடுக்கத் தொடங்கினார். மார்லா தெருப்பெயரைச் சொன்னாள். வீட்டு எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்தினாள். நோரீன் ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் தட்டினாள்.

திங்கட்கிழமை தொண்ணூற்று மூன்று பேர் வந்தார்கள். சர்ச் கூடத்தில் நாற்காலி போதவில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மூன்றாவது முறை தட்டை நீட்டியபடி, "ஹாம் நல்லாருக்கும்மா. எங்க வாங்கினது?" என்றார்.

"கூப்பன்ல," என்றாள் மார்லா.

"பின்ன? லோரெய்ன் சாப்பாடாச்சே," என்று அவர் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொன்னார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கூடத்துச் சமையலறையில் நோரீன் குப்பைத் தொட்டியைக் காலால் இழுத்து, ஹாம் எலும்புகள் கிடந்த தட்டைத் தூக்கினாள்.

"போடாதீங்க," என்றாள் மார்லா.

"நாலையுமா?"

"நாலையும்."

அவற்றைத் தாளில் சுற்றினாள். பென்சில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அடக்க ஆராதனையின் நிரல் தாளைப் பின்பக்கம் திருப்பி, மேடைமேல் வைத்து எழுதினாள். செவ்வாய், எலும்பு போட்டு பீன்ஸ் சூப். புதன் என்று எழுதி யோசித்தாள்.

வெர்னன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். குனிந்து தாளைப் படித்தார்.

"சூப்பு ரெண்டு நாளைக்கு வரும்," என்றார்.

மார்லா புதன்கிழமையை அப்படியே விட்டுவிட்டு வியாழனுக்குப் போனாள்.