நகராத கிரேன் கோவாலு

துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். 2004-ல் வரிசையில் சேர்ந்தால் இரண்டு நாள் ஆகும். சீட்டாடி அலுத்துப் போய்தான் இந்த ஆட்டத்துக்கு வந்தோம். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் கொண்டுவந்த புத்தகத்தில் இருந்தது. ஆளுக்கு நூறு புள்ளி. அதில் பலம், புத்தி, பேச்சு, ஓட்டம் என்று வாங்கி ஒரு வீரனை உண்டாக்க வேண்டும். வீரனுக்குக் குறை வைத்தால் கூடுதல் புள்ளி. கதை சொல்வதும் நடுவரும் நான்தான்.

முன்னால் லியாகத் அலி பாய் லாரி, பின்னால் சுயம்பு லாரி, அதற்கும் பின்னால் என்னுடையது. ஓரத்தில் இட்லி விற்கும் அடைக்கலமேரி அக்காவும் ஆடுவார். அன்று சாயங்காலம் தண்டையார்பேட்டையில் பாயின் மகள் தமன்னாவுக்கு நிச்சயதார்த்தம். லாரியை உள்ளே விட்ட பிறகுதான் அவர் போக முடியும். காலையிலிருந்தே கடுகடுவென்று இருந்தார்.

பாயின் வீரன் நான்கிலும் இருபத்தைந்து. அக்காவின் ஆள் பேச்சில் எண்பது. சுயம்புவின் வீரன் பெயர் கிரேன் கோவாலு. லாரி கூரையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், நகரவே மாட்டான். பேச மாட்டான். பத்தடிக்கு மேல் கண் தெரியாது. இந்தக் குறைகளுக்குக் கிடைத்ததையெல்லாம் பலத்தில் கொட்டிவிட்டான். பலம் இருநூறு.

கதையிலும் இதே லாரி வரிசைதான்; கோவாலு உட்கார்ந்தது சுயம்பு லாரி கூரையில். லாரிகளை விழுங்க ஆறு தலை ராட்சசன் வந்தான். பாயின் வீரன் கத்தியை உருவுவதற்குள் கோவாலு ஒரே அறை.

"இன்னா நைனா இது?" என்றார் பாய். "நகராதவனுக்கு அறுவது புள்ளி குட்த்துட்ட. லைன்ல அது ஒரு கொறயா? இங்க எவன் நகர்றான்? அவன் புள்ளிய கட் பண்ணு, இல்ல நான் ஆட்டத்துக்கு வர்ல."

அவர் சொன்னது நியாயம். கஷ்டம் கொடுக்காத குறைக்குப் புள்ளி கொடுத்தது என் தப்பு. ஆனால் சுயம்பு எந்த ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. பிடுங்க மனசு வரவில்லை. அதனால் கதையைத் திருப்பினேன்.

"லைன் நகருது."

மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"ஆறு தலய நம்புனேன்," என்றார் அக்கா. "இத எப்டிப்பா நம்புறது?"

"நடுவர் சொன்னா சொன்னதுதான்க்கா. எல்லா லாரியும் போவுது. கோவாலு நகர மாட்டான், அதனால அவன் உக்காந்துகினு கீற லாரி மட்டும் போவாது."

சுயம்பு தாடையைச் சொறிந்தான். "முன்னாடி கீற பாய் லாரி கோவாலு கைக்கு எட்டுமா?"

"எட்டும்."

"புட்ச்சிக்கினான்."

லாரிக்கு நான் போட்டிருந்த பலம் நூற்றைம்பது. பாய் லாரி நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து நிஜ வரிசையில் ஸ்டார்ட் சத்தம் கேட்டது. முன்னால் லாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. பாய் ஓடிப்போய் ஏறினார். எஞ்சின் உறுமியது, புகை கக்கியது, கியர் விழுந்தது. லாரி ஓர் அங்குலம்கூட அசையவில்லை. பாய் இறங்கி வந்தார்.

"சுயம்பு, உட்றா."

"நானா பாய் புட்ச்சிகினு கீறேன்?"

"உன் ஆளு!"

"அவன் நியாயமான ஆளுன்னு சொல்லு."

"நியாயமான ஆளுதான்டா! தமன்னாவுக்கு நிச்சயம்டா, கலாட்டா பண்ணாத!"

சுயம்பு என் பக்கம் திரும்பினான். "நடுவரே, கோவாலு கைய உட்டான்."

பாய் மறுபடி ஓடி ஏறி கியரைப் போட்டதும் லாரி ஒரு குலுங்கு குலுங்கிப் பாய்ந்தது. ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

சுயம்பு ஆடி அசைந்து தன் லாரியில் ஏறினான். உறுமல், புகை, கியர். அசையவில்லை. திரும்பவும் மிதித்தான். அக்கா இட்லித் தட்டோடு நிமிர்ந்து, வெறும் கூரையை ஒரு பார்வை பார்த்தார். மணலி திருப்பம் வரைக்கும் பின்னாலிருந்து ஹாரன் அலறியது.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான் சுயம்பு. பயம் இருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"நடுவரே, இப்பவாச்சும் ஒத்துக்கிறியா? இது அறுவது புள்ளி கொறதான?"

ஒத்துக்கொண்டேன்.