டெஸ்ட்டில் பாஸான மூச்சு மெஷின்

அவள் வேலை பார்ப்பது மூச்சு மெஷின் செய்யும் கம்பெனியில், டெஸ்ட் பிரிவில். அவள் புருஷனுக்கு மூச்சு கொடுப்பதும் அதே கம்பெனி மெஷின்தான். உட்கார்ந்திருந்தால் மனுஷன் எப்படியோ சமாளிப்பார்; படுத்தால் மெஷின் வேண்டும். அது வீட்டில் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோனது. அலாரம்கூட அடிக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்ததால் உயிர் தப்பினார்.

பயந்துபோய் ப்ளக்கில் கரண்டைப் பதிவு செய்யும் ரெக்கார்டர் மாட்டி வைத்தாள். மறுபடியும் நின்றது. பதிவைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கரண்ட் வெகுநேரம் மெல்ல மெல்லத் தளர்கிறது, கடைசியில் கண் சிமிட்டுவதற்குள் ஒரு வெட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் மெஷின் நிற்கிறது.

லேபுக்குத் தூக்கிப் போனால், டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகிற வலி மாதிரி, கோளாறு காணாமல் போனது. இங்கே ஒரு தடவை நின்று காட்டட்டும், அந்த மாடலையே நிறுத்திவிடுகிறேன் என்றார் மேலதிகாரி.

வீட்டுக் கரண்டை லேபில் அப்படியே வரவழைக்க அவள் நம்பியது வேவ்ஃபார்ம் ஜெனரேட்டரை. லேசுப்பட்ட பெட்டியா அது? எந்தக் கரண்ட் அலையை ஏற்றினாலும் அலுக்காமல் சலிக்காமல் அப்படியே ஆடிக் காட்டும். ஆனால் மெமரி சின்னது. பதிவின் முழு நேரத்தையும் ஏற்றினால் வெட்டு மழுங்கிப்போனது. வெட்டைக் கூர்மையாக ஏற்றினால் தளர்ச்சிக்கு இடமில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் நடக்குமா?

கடைசியில் துண்டு துண்டாக ஒட்டி ஏற்றினாள். மெஷின் நின்றது. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மேலதிகாரி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது உங்க வீட்டுல வந்தது இல்லம்மா. நீ ஒட்டின இடத்துல வந்த குதிப்பு. இதுக்கு எந்த மெஷினும் நிக்கும்."

அவர் சொன்னது சரி. பாழாய்ப்போன சரி. பெரிய மெமரி உள்ள பெட்டி வேண்டும் என்றாள், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? மெஷினில் ஒட்டும் பாஸ் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான். போட்டாள்.

வீட்டில் நாற்காலியில் காத்திருந்த புருஷனுக்கு, அவள் திரும்பக் கொண்டுவந்த மெஷினில் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீயே பாத்துட்டியா? அப்ப எனக்கென்ன பயம்."

அவள் மெஷினை ப்ளக்கில் மாட்டினாள். உண்மையைச் சொல்லி என்ன பண்ண, இருப்பது அந்த ஒரே மெஷின். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனார். அவள் காற்றுக் குழாய்மேல் கை வைத்து உட்கார்ந்தாள். வாசலில் யாரோ மணி அடித்தார்கள். எழுந்து போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.