கொரிந்தாவின் ஓட்டு

"போனை இன்னும் கொஞ்சம் மேல தூக்குண்ணே. கீழேர்ந்து பிடிச்சா ரெட்டை நாடி தெரியுது," என்றாள் கொரிந்தா.

ஆர்வில் பெட்டிஃபர்ட் போனை உயர்த்திப் பிடித்தார். ரெட்டை நாடியாவது ஒத்தை நாடியாவது. அவளிடம் எலும்பும் அதன் மேல் தோலும்தான் மிச்சம். ஆனாலும் மஞ்சள் துணியைத் தலையில் எடுப்பாகக் கட்டியிருந்தாள். உதட்டில் சிவப்புச் சாயம். அதைப் பூசுவதற்குள் மூன்று தடவை கை தளர்ந்து மடியில் விழுந்தது. "கொடு, நான் போட்டு விடறேன்" என்று ஆர்வில் கேட்டதற்கு, "உன்கிட்ட குடுத்தா நான் சர்க்கஸ் கோமாளிதான்" என்று சொல்லிவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையை வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு மாதம் ஒன்றாகியிருந்தது. அன்று காலையில் வந்த நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்தாள். கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆர்விலை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவர் திரும்பி வந்ததும் கொரிந்தா கேட்டாள்:

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொன்னா சர்ச்சுல டீக்கன் பதவியைப் புடுங்கிருவாங்க."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கோ நாளைக்கோங்கறா."

கொரிந்தா ஜன்னலைப் பார்த்தாள். "அப்ப குழு மீட்டிங்கை சாயங்காலம் வெக்க வேணாம். காலையிலேயே முடிச்சிரலாம்னு அவங்களுக்குச் சொல்லிடு."

அதனால்தான் இப்போது போனும் கையுமாக நிற்கிறார்.

பீர் காய்ச்சுவதும் விஸ்கி வடிப்பதும் நெடுங்காலமாகத் தாடி வைத்த வெள்ளைக்கார ஆண்களின் பிழைப்பாகவே இருந்தது. அதில் நுழைய வேண்டுமானால் படிப்பு வேண்டும். படிப்புக்குப் பணம் வேண்டும். பணத்தைவிட, "உள்ளே வா" என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும். கறுப்பர்கள், மெக்ஸிகோக்காரர்கள், பூர்வகுடிகள் என்று யாருக்கு அந்த வாசல் திறக்காமலே இருந்ததோ, அவர்களுக்காகச் சிலர் கூடி ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தினார்கள். அப்போது கொரிந்தா சொந்த ஊரான டர்ஹமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வயது முப்பத்தெட்டு. அந்தத் தொகையில் சிகாகோ போய்ப் பீர் காய்ச்சப் படிக்கப் போகிறேன் என்று அண்ணனிடம் வந்து நின்றாள்.

"நம்ம கறுப்புச் சனத்தைக் குடி அழிச்சது பத்தாதா?" என்று ஆர்வில் கேட்டார்.

"குடிக்கிறவன் காசு யாரோ ஒருத்தன் வீட்டுக்குத்தானே போகுது. அந்த வீடு நம்மளுதா இருந்தா என்ன?" என்றாள் அவள்.

அவர் விமான நிலையம் வரைக்கும் வாயைத் திறக்காமல் காரை ஓட்டிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, "அங்க குளிரு பொல்லாதது" என்று தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். படித்து முடித்து ஊருக்கு வந்தவள், பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ரஷீதா என்ற தோழியோடு சேர்ந்து பீர் ஆலை ஆரம்பித்தாள். ஆலை நன்றாக நடந்தது. பிற்பாடு அந்த உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும் குழுவில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் இப்போது போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள்.

இந்த வருஷத்துக்கு இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவன் கல்லூரி முடித்த பையன், வாய்க்கு வாய் "சார், மேடம்" போடுகிறவன். இன்னொருத்தி ராப்ஸன் கவுண்டிக்காரி, லம்பி என்ற பூர்வகுடி இனத்தவள், வினோனா ஆக்ஸண்டைன். வயது நாற்பத்து நாலு. கோழி பதப்படுத்தும் ஆலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவள். அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது, இவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, தானும் ஒரு கேள்வி கேட்டாளாம்: "என்னை ஒரு போட்டோ புடிச்சுப் போட்டுட்டு அத்தோட மறந்துருவீங்களா? இல்ல எனக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும் கூட வருவீங்களா?"

மற்ற நாலு பேரில் அந்தக் கேள்வி இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை, இரண்டு பேருக்குப் பிடித்திருந்தது. கொரிந்தாவின் ஓட்டுதான் பாக்கி.

"அந்தம்மாவுக்குத் துணிச்சல் இருக்கு, ஒத்துக்கறேன்," என்றார் ஒரு கட்டத்திலிருந்த கண்ணாடிக்காரர். "ஆனா குடுக்கறவங்ககிட்ட ஒரு நன்றி இருக்கணுமில்லையா?"

"நன்றி வாங்கறதுக்கா நாம குடுக்கறோம்?" கொரிந்தா தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். "நல்ல கேள்வி கேட்டிருக்கா. எட்டு வருஷம் முன்னாடி நான் கேட்டிருக்கணும், எனக்குத் தைரியம் வரலை. அவ…"

இருமல் வந்துவிட்டது. ஆர்வில் போனைத் திருப்பிக்கொண்டு அவளைத் தாங்கிப் பிடித்தார். இருமல் நின்றது. அதோடு குரலும் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது.

"கொரிந்தா, நீ படுத்துக்கோம்மா," என்றார் குழுத் தலைவி பெனவிடஸ் அம்மாள். டெக்ஸஸ்காரி, இளகின மனசு. "அவசரமில்ல. அடுத்த வாரம் வெச்சுக்கலாம்."

அடுத்த வாரம் என்று சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. நாலு கட்டத்திலும் எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள்.

கொரிந்தா அண்ணனைப் பார்த்தாள். அவர் குனிந்து காதை அவள் வாயருகே வைத்தார். சூடான மூச்சுத்தான் முதலில் வந்தது. அப்புறம் ஒரு சொல்.

"சொல்லு."

ஆர்வில் முப்பது வருஷமாக டீக்கன். மதுவை வீட்டு வாசற்படி ஏற்றாதவர். தங்கை ஆலைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டவர். அவர் காதில் அவள் என்ன சொன்னாள் என்பது அந்த நாலு பேருக்கும் கேட்டிருக்காது. 'களைப்பா இருக்காளாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனை அணைத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நான் அவ அண்ணன். அவ ஓட்டு அந்த ராப்ஸன் கவுண்டி அம்மாவுக்கு."

கண்ணாடிக்காரர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவங்க வாயாலேயே சொன்னாத்தான்…"

"இப்ப அவ வாய் நான்தான்," என்றார் ஆர்வில். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரால் முடியவில்லை. "இன்னொண்ணும் சொல்றேன், இது அவ சொன்னதில்ல, நானா சொல்றது. நான் டவுன் பஸ் ஓட்டறவன். ஸ்டாப்புல நிக்கிறவங்களைப் பாத்து, 'எனக்கொரு கும்பிடு போட்டாத்தான் கதவைத் திறப்பேன்'னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அவங்களும், 'இந்த பஸ் எதுவரைக்கும் போகும்'னு கேக்காம ஏறினதில்ல. அந்தம்மா கேட்டதும் அதைத்தான்."

பெனவிடஸ் அம்மாள்தான் முதலில் சிரித்தார். கண்ணாடிக்காரருக்கும் வாய் கோணியது, சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆர்வில் போனைக் கொரிந்தாவின் பக்கம் திருப்பினார். அவள் போர்வைக்குள்ளிருந்து கட்டை விரலை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"மூணுக்கு ரெண்டு," என்றார் பெனவிடஸ் அம்மாள். "முடிஞ்சுது. அந்தம்மாவை நானே கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

போனை அணைத்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஆர்வில் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை இறக்கிப் போட்டார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். மறுபடி குனிந்தார்.

"அடுத்த வருஷமும் நீயே பேசு."

"போடி," என்றார்.

அவள் தூங்கிப்போனாள். பிற்பகல், பள்ளிக்கூட பஸ்கள் தெருவுக்குள் திரும்புகிற நேரம். ஆர்வில் அடுப்படியில் சூப்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அவள் குடிக்க மாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் உப்புப் பார்த்து, மிளகு போட்டு, கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஆக்ஸிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொரிந்தாவின் மார்பு அசையவில்லை.

அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மிஷினை நிறுத்தினார்.

நர்ஸ் மறுபடி வந்து, முகத்தைத் துடைக்க ஈரத்துணியை எடுத்தாள். உதட்டுச் சாயத்துக்குக் கை போனபோது ஆர்வில், "அது இருக்கட்டும்மா," என்றார்.

மறுநாள் பாஸ்டர் ஸ்டாலிங்ஸ் வந்தார். ஜெபம் பண்ணினார். ஆர்விலின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன். எழுந்திருக்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"டீக்கன், சனிக்கிழமை வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்புல தங்கச்சி வேலையைப் பத்தி… 'உணவு, பானத் துறையில் பணியாற்றினார்'னு போட்டுக்கலாமா? யார் மனசும் நோகாது."

"நீங்க எப்படி வேணாப் போட்டுக்குங்க பாஸ்டர்," என்றார் ஆர்வில். "நானும் ரெண்டு வார்த்தை பேசறேன்."

சனிக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் வருகிறவர்களுக்கு விசிறிகளை நீட்டியபடி நடைவழியில் நின்றார்கள். கடைசி வரிசையில் ஆலை ஆட்கள், கழுவித் துடைத்த ரப்பர் பூட்ஸோடு, எங்கே உட்காருவது என்று தெரியாதவர்கள் மாதிரி ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர் தம் குறிப்பை வாசித்து முடித்தார். உணவு, பானத் துறை வந்தது, போயிற்று. ஆர்வில் எழுந்து மைக்குக்கு வந்தார்.

"என் தங்கச்சி பீர் காய்ச்சினா," என்றார்.

விசிறிகள் நின்றுவிட்டன.

"நான் குடிக்கறவனில்ல. இனியும் குடிக்கப் போறதில்ல. அது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனா அவ செஞ்ச வேலைக்கு ஒரு பேரு இருக்கு. அந்தப் பேரை இந்தப் பெட்டிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு நான் முழுங்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு அவ முன்னாடி வந்தப்ப, இது எந்தத் துறைப் பணம்னு இங்க யாரும் கேக்கலை."

எங்கோ ஒரு குழந்தை அழுது அடங்கியது. முன் வரிசையில் பெரிய ஊதாத் தொப்பி வைத்திருந்த அம்மாள், நிமிராமலே, "சொல்லுங்க டீக்கன்," என்றாள்.

"அவ காய்ச்சினா. நல்லாக் காய்ச்சினா. தான் நுழைஞ்ச கதவைப் பின்னாடி வர்றவங்களுக்காகக் காலால முட்டுக் குடுத்துத் திறந்து வெச்சா. சாகற அன்னிக்குக் காலையில கூட அந்தக் காலை எடுக்கலை."

"சொல்லுங்க!" இப்போது இரண்டு மூன்று குரல்கள். கடைசி வரிசையிலிருந்து ரஷீதாவின் விம்மல் கேட்டது. பாஸ்டர் தம் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆமென்" என்றார்.

அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் பொரித்த கோழியும் கீரையும் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, கட்டுமஸ்தான ஒரு பெண் ஆர்விலைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பு வரைக்கும் ஒற்றைப் பின்னல்.

"பெனவிடஸ் அம்மா சொன்ன பஸ்காரர் நீங்கதானா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வினோனா ஆக்ஸண்டைன். நான் நன்றி சொல்ல வரலை. சொன்னா உங்க சிபாரிசு கெட்டுப்போயிரும்."

அவள் போனதிலிருந்து சிரிக்காத வாய். ஆர்வில் சிரித்துவிட்டார்.

"அவங்க முகத்தை ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு கிளம்பினேன்," என்றாள் வினோனா. "வழியில டயர் போயிருச்சு. வர்றதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்க."

ஆர்வில் தட்டைக் கீழே வைத்தார். முகத்தைக் காட்ட வழியில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ வேலை செஞ்ச இடத்தைப் பாக்கறீங்களா?" என்றார். சொன்ன பிறகுதான் நினைத்துக்கொண்டார், தானும் அதைப் பார்த்ததில்லை. எத்தனையோ தடவை காரில் கொண்டுபோய் கேட்டோரம் அவளை இறக்கிவிட்டிருக்கிறார். உள்ளே கால் வைத்ததில்லை.

கிடங்கின் பெரிய கதவு திறந்தே கிடந்தது. வேகவைத்த தானியத்தின் வாசனை, கஞ்சி மாதிரி, தெரு வரைக்கும் வந்தது. சர்ச்சிலிருந்து முன்னாலேயே திரும்பியிருந்த ரஷீதா, கறுப்பு உடைக்கு மேல் ரப்பர் மேலங்கி கட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றிருந்தாள். ஆர்விலைக் கண்டதும் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க டீக்கன். காலையிலேயே தானியம் ஊறப் போட்டாச்சு. பாதியில விட முடியாது. பசங்க எல்லாம் இன்னும் சர்ச்சுலதான் இருக்காங்க."

"எதுக்கு மன்னிப்பு?" என்றார்.

ஆளுயரத் தொட்டியில் சாறு இறங்கி முடிந்து, பார்லிச் சக்கை மட்டும் கிடந்தது. அதை வாரி வெளியே தள்ள வேண்டும். பன்றிகளுக்குத் தீனியாகக் கொண்டுபோக ஒரு விவசாயி டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் காத்துக்கொண்டிருந்தார். வினோனா யாரையும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காலியாக நின்ற சக்கரத் தொட்டி ஒன்றை உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஆர்வில் கோட்டைக் கழற்றிக் குழாய்த் திருகில் மாட்டினார். டையைச் சட்டைக்குள் செருகினார்.

"ஐயோ, நல்ல ஷூ போட்டிருக்கீங்க," என்றாள் ரஷீதா.

"சக்கை வாரற அந்தத் துடுப்பை இப்படிக் குடும்மா."

சக்கை கனமாக இருந்தது. சூடு மாறவில்லை. முதல் வாரலில் பாதி சக்கரத் தொட்டியிலும் பாதி அவர் கால் மேலும் விழுந்தது. இரண்டாவது வாரலுக்குக் கை பழகிவிட்டது. தொட்டிக்குள்ளிருந்து எழும்பிய ஆவி மூக்குக் கண்ணாடியில் படர்ந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே, அடிவரைக்கும் துடுப்பை விட்டு, இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது ரொம்பிருச்சு," வெளியிலிருந்து வினோனா கூப்பிட்டாள். "இன்னொண்ணு கொண்டு வரவா?"

"கொண்டு வாங்க," என்றார் ஆர்வில்.